எங்கள் ஃபெரெட்டுகளுக்குச் சளி பிடித்த கதை

என்னிடம் வேலை கற்றுக்கொண்டு இப்போது ஹைதராபாத்தில் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒரு பெண் சென்ற மாதம் போன் செய்தாள். "மேடம், உங்க இடத்துல ஆளோட சளி ஒட்டிக்கினு ஒரு ஃபெரெட் ஸ்டடியே கெட்டுப்போச்சுன்னு இங்க ட்ரெய்னிங்ல சொல்றாங்க. நெஜமா?" என்றாள். சளி ஒட்டியது நிஜம், ஸ்டடி கெட்டது பொய் என்றேன். "அப்போ முழுசா எழுதிக் கொடுங்க, நான் எல்லாருக்கும் காட்றேன்" என்றாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பிறந்த வீடு ஆந்திராவில், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில். கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. திருப்பதியில் விலங்கியல் படித்து முடித்தபோது, ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். சென்னைப் பக்கம் புதிதாக முளைத்த கார் கம்பெனிகளுக்குச் சிலர், பெங்களூருக்கு கம்ப்யூட்டர் படித்தவர்கள், குவைத்துக்கு டிரைவர்கள். எங்கள் நைனா, அதாவது அப்பா, என்னை டீச்சராகப் பார்க்க ஆசைப்பட்டார். அந்தச் சமயம் புத்தலப்பட்டு தாண்டி, சித்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு தடுப்பூசிக் கம்பெனி வந்தது. விலங்குக் கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். நான் சேர்ந்துவிட்டேன். "எலிக்கு சோறு போடற வேலைக்கா டிகிரி படிச்ச?" என்று கல்யாண வீடுகளில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிப் பழகிக்கொண்டேன்.

எலியின் வாலைப் பிடித்துத் தூக்காமல் உள்ளங்கையில் ஏந்தி எடுப்பது, பயப்படாமல் வைத்திருப்பது, ரத்தம் எடுப்பது, எடை பார்ப்பது எல்லாம் முதல் இரண்டு வருடங்களில் கைக்கு வந்துவிட்டன. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கை கற்றுக்கொண்டது. தலை கற்றுக்கொண்டது டாக்டர் வசுந்தரா வந்த பிறகுதான்.

வசுந்தரா மேடம் சித்தூர்க்காரர். வெளிநாட்டில் பல வருடம் இன்ஃப்ளூயன்சா ஆராய்ச்சி செய்துவிட்டு, எல்லோரும் அங்கே போய்க்கொண்டிருந்த காலத்தில் இங்கே திரும்பி வந்தவர். "ஏன் மேடம் வந்துட்டீங்க?" என்று யாராவது கேட்டால், "அம்மாவுக்கு அங்க குளிர் ஒத்துக்கல" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். எல்லோரையும் மரியாதையாகத் தெலுங்கில் "காரு" போட்டுத்தான் கூப்பிடுவார், கூண்டு கழுவுகிறவர் உட்பட. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவர் மெல்லப் பேசினால்தான் நாங்கள் பயந்தோம். நாம் எதையாவது "வந்திருக்கு மேடம்" என்று கொண்டுபோய்க் காட்டினால் பாராட்டும் இல்லை, சந்தேகமும் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இன்னொருசாரி, கல்யாணி காரு" என்பார். இன்னொரு தடவை. அதே முடிவு திரும்ப வந்தால்தான் அவருக்கு அது முடிவு.

பன்றிக் காய்ச்சல் வந்து ஊரே முகமூடி தேடி அலைந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் எல்லா வகை ஃப்ளூவுக்கும் ஒரே ஊசி என்ற பேச்சு எங்கள் கம்பெனிக்கும் வந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டு. மருந்து அவர்களுடையது, விலங்கு ஆய்வு எங்களுடையது.

விஷயம் இதுதான். ஃப்ளூ கிருமியின் மேல் முழுக்கக் காளான் மாதிரிச் சின்னச் சின்ன முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். காளானுக்குக் குடை இருக்கிறது, காம்பு இருக்கிறது. கிருமி வருஷா வருஷம் குடையை மாற்றிக்கொள்ளும். வழக்கமான ஊசி நம் உடம்புக்குக் குடையைத்தான் காட்டிக்கொடுக்கிறது. குடை மாறினால் உடம்புக்கு அடையாளம் தெரியாது. அதனால்தான் வருஷத்துக்கு ஒரு புது ஊசி. காம்பு அவ்வளவு சுலபமாக மாறாது. உடம்புக்குக் காம்பை அடையாளம் காட்டிவிட்டால் பல வகைக்கும் சேர்த்து ஒரே ஊசி போதுமே என்பதுதான் அந்த யோசனை. சொல்லும்போது சுலபம். உடம்பு ஆசையாகப் பார்ப்பது குடையைத்தான், காம்பைப் பார்க்க வைப்பது பெரும்பாடு.

எலியில் நன்றாக வந்தது. ஆனால் எலி ஃப்ளூவுக்குத் தும்மாது. மனிதனைப் போலவே ஃப்ளூ வந்து, மூக்கு ஒழுகி, தும்மி, பக்கத்திலிருப்பதற்கும் ஒட்டவைக்கும் பிராணி ஃபெரெட். கீரிப்பிள்ளை சாயலில் நீண்ட உடம்பு, திருட்டு முழி, ஓயாத விளையாட்டு. தூங்கினால் செத்ததைப் போலத் தூங்கும். நம் நாட்டில் கிடைக்காது. அனுமதி வாங்கி, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைத்தோம்.

சென்னை விமான நிலையத்திலிருந்து ஏசி வேனில் கூட்டிவர நானும் ஏழுமலையும் போனோம். ஏழுமலை எங்கள் விலங்குக் கூடத்தில் கான்ட்ராக்ட் ஆள். கூலி வேலைக்குச் சென்னையில் கட்டடம் கட்டடமாக அலைந்துவிட்டு, மனைவியின் ஊரான வெதுருகுப்பம் பக்கம் வந்து தங்கியவர். வீட்டில் அவர் தமிழ் பேசுவார், மனைவி தெலுங்கில் பதில் சொல்வார், பிள்ளைகள் இரண்டையும் கலந்து சண்டை போடும். புத்தூருக்கு இந்தப் பக்கம் வேனின் ஏசி நின்றுவிட்டது. உச்சி வெயில். ஃபெரெட்டுக்குச் சூடு ஆகாது, அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். நான் போனில் கத்திக்கொண்டிருக்க, ஏழுமலை சாலையோரம் மீன் விற்கிறவரிடம் ஓடி ஐஸ் கட்டிகளைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்தார். கூண்டுகளைச் சுற்றி அடுக்கினோம்.

"மேடம், இதுங்க நம்ம ஊரு கீரி மாதிரியே கீதுங்க. வெளிநாட்டுக் கீரி, அதான் ஐஸ் கேக்குது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் அவற்றுக்குப் பெயர் கீரிதான்.

வந்ததும் எல்லாவற்றுக்கும் மயக்கம் கொடுத்து ரத்தம் எடுத்தேன். இதற்கு முன் ஃப்ளூ வந்திருந்தால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கெனவே ஃப்ளூ வந்த விலங்கில் தடுப்பூசி போட்டுப் பார்த்தால், தெரிகிற எதிர்ப்பு ஊசியால் வந்ததா பழைய காய்ச்சலால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் சுத்தமான விலங்குதான் வேண்டும். எங்களுடையவை எல்லாம் சுத்தம். புது இடம் பழகுவதற்காகத் தனி அறையில் விட்டோம். நடுவில் சில தும்மின, லேசாகச் சூடும் காட்டின; பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. அடி கூர்மையான குழிகள் வரிசையாக உள்ள பிளாஸ்டிக் தட்டு. ரத்தத்தில் பிரித்தெடுத்த தெளிந்த நீரை முதல் குழியில் விட்டு, அடுத்தடுத்த குழிகளில் பாதிப் பாதியாக நீர்க்கவைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் செத்த கிருமி. கடைசியாக, நன்றாகக் கழுவிய கோழியின் சிவப்பணு. கிருமிக்குச் சிவப்பணுவைப் பிடித்து வலை பின்னுகிற குணம் உண்டு. ரத்தத்தில் எதிர்ப்பு இல்லாவிட்டால் கிருமி தன் வலையைப் பின்னும், குழி முழுக்க மங்கலான இளஞ்சிவப்புப் படலம். எதிர்ப்பு இருந்தால் அது கிருமியின் குடையைப் பிடித்துக்கொள்ளும். வலை பின்ன ஆளில்லாமல் சிவப்பணு எல்லாம் அடியில் போய் உட்காரும், குங்குமப் பொட்டு வைத்த மாதிரி. தட்டைச் சாய்த்தால் அந்தப் பொட்டு கண்ணீர்போல ஒழுகும். படலம் ஒழுகாது.

முதல் ஊசி போடுவதற்கு முன் வசுந்தரா மேடம் இன்னொரு முறை ரத்தம் பார்க்கச் சொன்னார். ஒப்பந்தத்தில் அது இல்லை. அவருடைய "இன்னொருசாரி" அது. எடுத்தேன், தட்டு போட்டேன், காத்திருந்து பார்த்தேன். பாதித் தட்டில் பொட்டு. சாய்த்தேன். ஒழுகியது.

பொட்டு என்றால் ஃப்ளூ வந்து போயிருக்கிறது. வேறு தட்டில், வேறு கோழியின் ரத்தத்தில், முதலிலிருந்து செய்தேன். அதே பொட்டு. கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. தட்டை விளக்குக்கு எதிரே பிடித்து, சாய்த்து, நெடுநேரம் பார்த்தார். இந்தத் தடவை "இன்னொருசாரி" சொல்லவில்லை.

"நீங்க ஏற்கெனவே ரெண்டாவது தடவ பண்ணிட்டுதான் வந்திருக்கீங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஆமா மேடம்."

"எந்தக் கூண்டு எல்லாம்?"

"கதவுக்கு வலது பக்க வரிசை மொத்தமும். எதிர் வரிசை சுத்தம்."

"சுத்தமா இருக்கிறத உடனே வேற ரூமுக்கு மாத்துங்க. இந்த வரிசைய பாத்துக்கறவர் எதிர் வரிசைப் பக்கம் போகக் கூடாது."

வலது பக்க வரிசையைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை. அவர் பெயரை நான் சொல்லவில்லை, மேடமும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

அன்று மத்தியானமே கம்பெனியின் தலைமை நிர்வாகி மூர்த்தி சார் அறையில் கூட்டம். மூர்த்தி சார் கெட்டவர் இல்லை. அந்தக் கூட்டு ஒப்பந்தத்தை நம்பித்தான் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எத்தனையோ குடும்பங்கள் பாகாலாவிலிருந்தும் புத்தலப்பட்டிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வந்துகொண்டிருந்தன. அந்தக் கவலை அவருக்கு.

"டாக்டர் காரு, வந்தப்போ எடுத்த ரத்தம் சுத்தம். ஒப்பந்தத்துல கேட்டது அதுதான். அது நம்மகிட்ட இருக்கு. ரெண்டாவது நீங்களா பாத்தது. பாக்காம விட்டிருந்தா?" என்றார்.

"பாத்துட்டோமே சார்."

"பாத்தது நாம மூணு பேர்தான்."

எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது. மேடம் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை மெதுவாக வைத்தார்.

"வெளிநாட்டுக்காரங்ககிட்ட பொய் சொல்லிடலாம் சார். ஊசி போட்டப்புறம் அந்த வரிசையில எதிர்ப்பு தூக்கலா வரும். ஆஹா, நம்ம மருந்து எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு அவங்க மனுஷனுக்குப் போடப் போவாங்க. அங்க வராது. அப்போ எங்க தப்புன்னு தேடுவாங்க. எத்தன வருஷம் தேடுவாங்கன்னு தெரியாது. ஏன்னா பதில் நம்ம மூணு பேர்கிட்ட மட்டும்தான் இருக்கும்."

மூர்த்தி சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சரி. அவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. ஒப்பந்தம் போனா, பதில் சொல்றதும் நீங்கதான்" என்றார்.

"சொல்றேன்" என்றார் மேடம்.

வெளியே வந்ததும் விலங்குக் கூட ஆட்கள் எல்லோரையும் உட்காரவைத்து, நின்றுகொண்டே பேசினார். "நம்ம ஃபெரெட்டுக்கு ஃப்ளூ வந்து போயிருக்கு. கீரி தானா எங்கேயும் போய் வாங்கிட்டு வரல. மனுஷங்க மூலமாத்தான் வந்திருக்கு. யாருக்கு ஜுரம் இருந்ததுன்னு தெரிஞ்சாதான் அடுத்து என்ன செய்யறதுன்னு யோசிக்க முடியும். தண்டிக்கறதுக்குக் கேக்கல."

கடைசி வாக்கியத்தை யாரும் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூடத்துக்குக் கூலி ஆட்களை அனுப்பும் கான்ட்ராக்டரின் ஆளும் வாசலில் நின்றிருந்தார்.  

பின் வரிசையிலிருந்து ஏழுமலை எழுந்தார்.

"நான்தான் மேடம். வூட்ல பசங்களுக்கு ஸ்கூல்ல இருந்து ஜொரம் வந்துச்சு. அப்பால எனக்கு. மாத்தர போட்டுக்கினு வந்தேன். மூக்கு ஒழுவிக்கினே இருந்துச்சு, மாஸ்க் நனைஞ்சு மூச்சு முட்டிச்சு, ஒருவாட்டி ரெண்டுவாட்டி எறக்கி வுட்டுட்டேன்."

"ஏன் லீவு போடல, ஏழுமலை காரு?"

அவர் வாசலில் நின்றவரை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்வையை மேடம் பக்கம் திருப்பினார். "லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்க மேடம். மறுவாட்டி போட்டா ஆளையே மாத்திருவாங்க. எங்களுக்கு லீவு கிடையாது மேடம். உங்களுக்குத்தான்."

 மேடத்தின் முகம் சிவந்தது. அவமானத்தால் சிவந்தது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"நம்ம மிருகத்துக்கு தினமும் டெம்பரேச்சர் பாக்கறோம், கல்யாணி காரு" என்றார் என்னிடம். "அதுக்கு சோறு வைக்கறவருக்கு யார் பாக்கறாங்க?"

கான்ட்ராக்டரின் ஆள் உள்ளே வந்து, நாளையிலிருந்து இவனுக்குப் பதில் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். மேடம் அவரிடம் தெலுங்கில், மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சாரம் இதுதான்: இவரைத் துரத்தினால் அடுத்த தடவை ஜுரம் வந்தவன் வாயே திறக்க மாட்டான். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் இவர். இவர் இங்கேதான் இருப்பார்.

ஏழுமலையிடமிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும் என்று மேடம் சொன்னார். அவர் சம்மதித்தார். நான்தான் எடுத்தேன். ஃபெரெட்டின் கழுத்தருகே ஊசி வைத்து ரத்தம் எடுப்பதைத் தினமும் பிடித்துக்கொண்டு நின்றவர், தன் கையில் ஊசி வைத்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "கீரிக்கு மயக்கம் குடுக்கறீங்க. எனக்கு மட்டும் இல்லியா?" என்றார். தட்டில் அவருடைய வரிசையிலும் பொட்டு, ஃபெரெட்டுகளுடையதைவிடத் திடமாக. ஒரே கிருமி.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு மேடம் அன்றே எழுதினார். பதிலுக்குக் காத்திருந்த நாட்கள்தான் என் வேலை வாழ்க்கையிலேயே மோசமானவை. அதே வாரம் பெங்களூரில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் போகலாம் என்றார். முடிவு தெரிந்தபின் போகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

காத்திருந்தபோது மேடம் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் கூடத்துக்கு வந்து, வலது வரிசை ஃபெரெட்டுகள் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவை நன்றாகத் தேறி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

"கல்யாணி காரு, நீங்க ஃப்ளூ வராத மனுஷங்க யாரையாவது பாத்திருக்கீங்களா?"

"பொறந்த கொழந்தைங்க வேணா இருக்கும் மேடம்."

"அதான். நாளைக்கு இந்த ஊசிய யாருக்குப் போடப் போறாங்க? ஏற்கெனவே பத்து தடவ சளி பிடிச்சவங்களுக்கு. சுத்தமான விலங்குல மட்டும் பாத்துட்டு, சுத்தமே இல்லாத மனுஷனுக்குப் போடறோம்." கூண்டுக் கம்பியில் விரலை வைத்தார், ஒரு ஃபெரெட் வந்து முகர்ந்தது. "இந்த வரிசைதான் மனுஷங்க மாதிரி இருக்கு."

அங்கேயே உட்கார்ந்து, என்னிடம் சொல்லிச் சொல்லித் திட்டத்தை மாற்றினார். சுத்தமானவற்றில் பாதிக்கு ஊசி, பாதிக்கு வெறும் உப்பு நீர். ஃப்ளூ வந்து போனவற்றிலும் அதே மாதிரிப் பாதிக்கு ஊசி, பாதிக்கு உப்பு நீர். இப்படி நான்கு கூட்டம். பழைய காய்ச்சலால் வந்தது எவ்வளவு, ஊசியால் வந்தது எவ்வளவு என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். கெட்டுப்போனது என்று நான் துடைத்துப் போட இருந்ததிலிருந்து அவர் ஒரு புதுக் கேள்வியை எடுத்துக்கொண்டார்.

போனில் பேச நேரம் குறித்தார்கள். அந்தப் பக்கம் வயதான விஞ்ஞானி ஒருவர். மேடம் நடந்ததையும் மாற்றிய திட்டத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார், ஆள் பெயரை மட்டும் சொல்லவில்லை.   எல்லாம் கேட்டுவிட்டு அவர், புது விலங்கு அனுப்ப முடியாது, புது மாதிரியே செய்யுங்கள், ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதை மறக்காதீர்கள் என்றார். மேடம் போனை வைத்துவிட்டு முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். மூர்த்தி சார் எழுந்து வந்து கை கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மேடம், விலங்குக் கூடத்தில் யாருக்குச் சளி என்றாலும், கான்ட்ராக்ட் ஆளானாலும், சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று கேட்டார். அவரால் மறுக்க முடியவில்லை.

ஊசி போட்டோம். காம்புக்கு எதிர்ப்பு வந்ததா என்பதைப் பொட்டுச் சோதனை காட்டாது, அது குடையை மட்டுமே பார்க்கும். அதற்கு வேறு தட்டு. கிருமியின் காம்பை மட்டும் குழிகளின் அடியில் ஒட்டவைத்து, மேலே ரத்த நீரை விட்டு, கடைசியில் நிறம் ஏறுகிறதா என்று பார்ப்பது. எதிர்ப்பு அதிகமாக இருந்தால் மஞ்சள் அழுத்தமாக ஏறும்.

சுத்தமானவற்றில் ஊசி போட்டவை முதல் தவணைக்கு வெளிறிய எலுமிச்சை நிறம்தான் காட்டின, இரண்டாவது தவணைக்குப் பிறகே தேறின. ஃப்ளூ வந்து போய், ஊசி போடாதவை லேசான மஞ்சள். ஃப்ளூ வந்து போய், ஊசியும் போட்டவை முதல் தவணையிலேயே மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றியது போல இருந்தன. ஒருமுறை கிருமியைப் பார்த்த உடம்புக்குக் காம்பு ஏற்கெனவே ஓரக்கண்ணில் தெரிந்திருக்கிறது. ஊசி அதை நேராகத் திருப்பி வைத்திருக்கிறது. மேடம் கேட்காமலே நான் இன்னொரு தடவை செய்தேன். அதே மஞ்சள்.

பிறகுதான் உண்மையான பரீட்சை. எல்லாவற்றின் மூக்கிலும் வேறு ஒரு ஃப்ளூ கிருமியைச் சொட்டினோம். ஏழுமலைக்கு வந்த கிருமியும் இல்லை, ஊசி தயாரிக்கப் பயன்பட்ட கிருமியும் இல்லை. குடை முழுக்க வேறு, காம்பு மட்டும் ஏறக்குறைய ஒன்று. சுத்தமாக இருந்து, உப்பு நீர் மட்டும் போட்டவை சுருண்டு படுத்தன, தும்மின, எடை இறங்கியது. சுத்தமாக இருந்து ஊசி போட்டவற்றுக்கும் சளி பிடித்தது, ஆனால் சீக்கிரம் எழுந்தன. ஃப்ளூ மட்டும் வந்து போனவை சில தாங்கின, சில தாங்கவில்லை. இரண்டும் கண்டவை என் கையுறையைக் கடித்து இழுத்து விளையாடின. அவற்றின் மூக்கைக் கழுவி எடுத்த நீரில் கிருமி தேடினால், அநேகமாக இல்லை.

இதோடு உலகத்துக்கு ஒரே ஊசி கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்னும் கடைக்கு வரவில்லை, பலர் பல விதமாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். எங்கள் எண்ணிக்கையும் சின்னது. கடைசியில் நுரையீரலைப் பார்ப்பதற்காக அந்த ஃபெரெட்டுகளுக்கு உயிர் போகும் மயக்கம் கொடுத்ததும் நான்தான். ஏழுமலை அன்று ஒவ்வொன்றையும் தானே தூக்கி வந்து என் மேஜையில் வைத்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. அந்த வேலையின் அந்தப் பகுதி எனக்குக் கடைசிவரை பழகவில்லை, பழகக் கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனால் அவை எதற்காக வந்தனவோ அதை முழுசாகச் சொல்லிவிட்டுப் போயின. ஒரு தட்டைக்கூட நாங்கள் மறைக்கவில்லை. பெங்களூருக்கு நான் போகவில்லை. ஓய்வு பெறும்வரை அதே கூடத்தில் இருந்தேன், பிற்பாடு அதற்குப் பொறுப்பாளராகவும் ஆனேன்.

முடிவுகளை அனுப்பிய பிறகு அந்த வயதான விஞ்ஞானி மறுபடி போனில் வந்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம், ஏழுமலையும். அவர் நிறையப் பேசினார். மேடம் முகத்தில் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது, நான் அதுவரை பார்த்திராத சிரிப்பு.

போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களிடம் திரும்பினார். "இத இன்னும் நிறைய விலங்கு வெச்சு முழுசா செய்யணுமாம். விலங்கெல்லாம் அனுப்பறாங்களாம். ஆனா இந்தத் தடவ வேணும்னே முதல்ல ஃப்ளூ வர வெக்கணுமாம்."

ஏழுமலை ஒரு அடி முன்னால் வந்தார். "அதுக்கென்ன மேடம்? எப்போன்னு சொல்லுங்க, நான் ஜொரம் புடிச்சிக்கினு வந்துர்றேன்."

மேடத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வேணாம், ஏழுமலை காரு" என்றார் மேடம். "இந்தத் தடவ மூக்குல சொட்டு விடறது கல்யாணி காரு வேல. உங்களுக்கு ஜுரம் வந்தா லீவு போட்டு வீட்ல படுங்க."